அறிவினாவும் அறியாவினாவும்: வகுப்பறைக்குள் இணையக் கருவிகள்

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்ற அந்த வரிசையைப் பேரவை நண்பர்களில் பலர் தேர்வுக்காக மனனம் செய்திருப்பீர்கள். தமக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. கிடப்பது பாம்பா கயிறா என்று தெளியாமல் கேட்பது ஐயவினா. ஒன்றைப் பெறுவதற்கும் கொடுப்பதற்கும் கேட்பன அடுத்த இரண்டு. "வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டாயா?" என்பது, முடி என்று ஏவுவதால், ஏவல்வினா. (பள்ளிகளில் நாள்தோறும் ஒலிக்கும் வினாக்களில் பாதி இந்தக் கடைசி வகைதானோ என்று எனக்கோர் ஐயமுண்டு.)

இலக்கண வகுப்பில் இது மதிப்பெண்ணுக்கான பாடம். ஆசிரியப் பணிக்கு வந்தபின் எனக்கு இது ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. வகுப்பறைக்குள் நுழையும் எந்த இணையக் கருவியையும், "இது எவ்வகை வினாவுக்கு இடந்தருகிறது?" என்று கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலானவை அறிவினாவுக்கு மட்டுமே இடந்தருகின்றன. மாணவர்களின் அறியாவினாவுக்கு இடந்தரும் கருவிகள் உண்டா, அவற்றை ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நான் பணிபுரிவது மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், கோலா சுங்கை பாரு வட்டாரத்தில். ஒருபக்கம் மலாக்கா நீரிணை, மறுபக்கம் செம்பனைத் தோட்டங்கள். ஆறு கடலில் கலக்குமிடத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை வாசகர்கள் அறிந்ததே. மக்கள் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர, மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒன்பதே பேர். ஆய்வு நோக்கில் கற்பிக்க விரும்புபவருக்கு இது குறையன்று. ஒன்பது பேரின் கேள்விகளையும் ஒரே பாட வேளையில் கேட்டுவிடலாம்.

கணினி நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. 1997இல் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கமாகச் 'செகோலா பெஸ்தாரி' எனும் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் 'ஒன் பெஸ்தாரிநெட்' ஒப்பந்தத்தின்வழி பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் 'ஃப்ரோக்' எனும் மெய்நிகர் கற்றல் தளமும் வந்தன. அந்தத் தளம் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. திட்டம் 2019இல் முடிவுக்கு வந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் அனைவரும் ஒரே நாளில் இணையத்துக்குத் தள்ளப்பட்டோம். அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், சுமார் 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் 'டெலிமா' தளம் தொடங்கப்பட்டது.

இந்தக் கால் நூற்றாண்டில் கருவிகள் மாறியிருக்கின்றன. அவற்றில் ஏற்றப்படும் வினா மாறவில்லை என்பதே என் கருத்து. 2013இல் நார்வேயிலிருந்து வந்த 'கஹூட்', 2015இல் பெங்களூரில் 'குவிசிஸ்' என்ற பெயரில் தொடங்கிய தளம் ஆகியவற்றை நானும் பயன்படுத்துகிறேன். மாணவர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். இலக்கண மீள்பார்வைக்கும் வாய்பாட்டுக்கும் அவை மிக நன்று. ஆனால் நான்கு விடைகளுள் சரியானது எது என்பதை அந்தத் தளம் முன்னமே அறிந்துவைத்திருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய அறிவினா வண்ணமும் இசையும் பூசிக்கொண்டு திரைக்கு வந்துள்ளது, அவ்வளவே. மாணவன் பொத்தானை அழுத்துவதால் மட்டுமே அதை ஆய்வு என்று சொல்லிவிட முடியாது.

இதை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 'வெப்குவெஸ்ட்'. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் 1995இல் வகுத்த முறை இது. ஆசிரியர் ஒரு பணியையும் அதற்கான இணையப் பக்கங்களையும் முன்கூட்டியே தொகுத்துத் தருவார். மாணவர்கள் தகவலைத் தேடி அலையாமல், கிடைத்த தகவலைக் கொண்டு ஒரு முடிவை எட்ட வேண்டும். நல்ல முறைதான். எனினும் கேள்வி இன்னமும் ஆசிரியருடையதே.

தமிழர்களாகிய நாம் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. டெல்லி கல்காஜியில் 1999இல் ஒரு சுவரில் கணினியைப் பதித்து, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தாமாகவே அதை இயக்கக் கற்றுக்கொள்வதைக் காட்டியவர் சுகதா மித்ரா. தம் கருத்தின் எல்லை எதுவரை என்று பார்க்க அவர் தேர்ந்தெடுத்த இடம் காளிக்குப்பம் என்னும் தென்னிந்தியச் சிற்றூர், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஊர். தமிழ் மட்டுமே பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உள்ள உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினிவழி தாமாகவே கற்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. முடியாது என்று நிறுவவே தாம் போனதாக அவர் பின்னர் ஓர் உரையில் சொன்னார். சில மாதங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறக்குறைய சுழியத்திலிருந்து 30 விழுக்காட்டை எட்டியது. ரீத்து டங்வாலுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010இல் பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப ஆய்விதழில் வெளிவந்தது.

பலரும் இந்த 30 விழுக்காட்டோடு கதையை முடித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஆசிரியரே தேவையில்லை" என்பார்கள். எனக்கு அதற்கு அடுத்த பகுதிதான் முக்கியம். பிள்ளைகளோடு பழகிய இளம்பெண் ஒருவரை மித்ரா துணைக்கு வைத்தார். அவருக்கு உயிரித் தொழில்நுட்பம் தெரியாது. பேரப்பிள்ளைகளின் பின்னால் நின்று வியக்கும் பாட்டியைப் போல, "இது என்ன? எப்படிக் கண்டுபிடித்தாய்? அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதே அவர் வேலை. மதிப்பெண் 50 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் படித்த டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களின் தரத்தோடு அது ஒப்பிடத்தக்கதாயிருந்தது. நன்னூலார் கண்கொண்டு பார்த்தால் காரணம் விளங்கும். அந்தப் பெண் கேட்டவை மெய்யான அறியாவினாக்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். கேட்பவர் விடையை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு கேட்கிறாரா, அறியவே கேட்கிறாரா என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நொடியில் கண்டுகொள்ளும்.

மித்ராவின் முடிவுகளை மறுப்பவர்களும் உண்டு. சுவர்க் கணினிகள் சில இடங்களில் கைவிடப்பட்டுக் கிடந்ததைப் பாயல் அரோரா 2010இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். கருவியைப் பதித்துவிட்டு நகர்ந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். பின்னால் நிற்க ஒருவர் வேண்டும்.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன். ஆண்டின் முதல் வாரத்தில் 'பேட்லெட்' எனும் இணையப் பலகையைத் திறந்து வைத்தேன். சுவரில் குறிப்புத்தாள் ஒட்டுவதுபோல மாணவர்கள் அதில் தங்கள் வினாக்களை ஒட்டலாம். விதி இரண்டுதான். விடை தெரிந்த கேள்வியை ஒட்டக்கூடாது. பிறர் கேள்விக்கு விடை எழுதினால், "எப்படித் தெரியும்?" என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். முதல் வாரம் வந்தவை எல்லாம் பாடநூல் கேள்விகளே. பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம். மூன்றாம் வாரம் ஒரு மாணவன் ஒட்டியது இது: "போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவோடு தூண்டில் போடப் போனேன். தண்ணீர் மேலே வரைக்கும் இருந்தது. இந்தச் சனிக்கிழமையும் எட்டு மணிக்குத்தான் போனோம். வெறும் சேறு. ஏன்?"

கடலோரத்தில் வளரும் பிள்ளையின் சொந்தக் கேள்வி. அதன் விடையை நான் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நிலவு பூமியைச் சுற்றுகிறது. ஆகவே ஓர் இடம் மீண்டும் நிலவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் பெருகி இருமுறை வற்றுகிறது. பெருக்கு நேரம் சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிவிடுவதால், பெருக்கு இருந்த மணியில் வற்று வந்து நிற்கிறது. அப்படிச் சொல்லியிருந்தால் ஒன்பது பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. "எனக்கு எப்படித் தெரியும், நான் சனிக்கிழமை அங்கே இல்லையே. பார்த்து வருவோமா?" என்றேன்.

கூகல் விரிதாள் ஒன்றைப் பகிர்ந்துகொண்டோம். நாள், பார்த்த நேரம், நீர் எந்தப் படிவரை, பார்த்தவர் யார் என நான்கு பத்திகள். கடற்கரைக்குப் பெரியவர்களோடு மட்டுமே போக வேண்டும் என்பது கண்டிப்பு. படித்துறைப் பக்கம் உறவினர் உள்ள நான்கு பிள்ளைகள் நீர் நிலையைப் பார்த்தனர். தோட்டத்து வீடுகளில் உள்ள ஐவர், நில அளவை, வரைபடத் துறையின் நீர்மட்ட நிலையம் உள்ள தஞ்சோங் கிளிங்குக்கான முன்கணிப்பு நேரங்களை இணையத்திலிருந்து எடுத்துப் பதிந்தனர். பெற்றோரின் கைப்பேசியே போதுமானதாயிருந்தது. இணைப்பு கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் தாளில் எழுதி வந்து மறுநாள் பள்ளிக் கணினியில் பதிந்தார்கள்.

நான்காம் நாளே தகராறு. ஒரே காலைப் பெருக்குக்கு ஒருத்தி 7.10 என்றும் இன்னொருவன் 7.40 என்றும் பதிந்திருந்தனர். தாளில் எழுதியிருந்தால் இரண்டும் இரு குறிப்பேடுகளில் உறங்கியிருக்கும். விரிதாளில் அடுத்தடுத்த வரிசையில் நின்றதால் எல்லார் கண்ணிலும் பட்டது. நீர் உச்சியில் வெகுநேரம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 'பெருக்கு நேரம்' என்று எதைச் சொல்வது? ஏறுவது நின்ற நேரமா, இறங்கத் தொடங்கிய நேரமா? முன்கணிப்போடு ஒப்பிட்டால் அதுவும் சில நிமிடம் விலகியது. "அட்டவணை தப்பா, நாங்க தப்பா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாம்பா கயிறா என்ற ஐயவினாவேதான். இரண்டுமே சரியாக இருக்கலாம், அது வேறு கரை, நம்முடையது ஆற்றுமுகம் என்ற விளக்கத்தை அவர்களே விவாதித்து எட்டினார்கள். அறிவியல் செயற்பாங்குத் திறனில் உற்றறிதல், ஊகித்தல் என்று நாம் எழுதும் சொற்களுக்கு அன்றுதான் அந்த வகுப்பில் பொருள் கிடைத்தது.

இரண்டு வாரம் முடிந்தபின் விரிதாளின் எண்களை ஒரே சொடுக்கில் வரைபடமாக்கினோம். புள்ளிகள் சாய்கோடாக ஏறின. ஒரு நாள் தள்ளிப்போன நேரம் 35 நிமிடம், வேறொரு நாள் ஒரு மணிக்கும் மேல். ஆனால் போக்கு ஒன்றுதான். அடுத்து, நீர் ஏன் கடிகாரத்துக்குக் கட்டுப்படாமல் தாமதிக்கிறது? இங்கேதான் 'ஸ்டெல்லேரியம்' கைகொடுத்தது. எந்த ஊர், எந்த நாள், எந்த மணி என்று கொடுத்தாலும் அந்நேரத்து வானத்தைக் காட்டும் இலவசக் கோளரங்கம் அது. இணைய உலாவியிலேயே இயங்கும் பதிப்பும் உண்டு. சூரியன், நிலவு, விண்மீன் எல்லாவற்றையும் பெருக்கு நேரங்களில் தேடிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சூரியன் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் நின்றது. நிலவு மட்டும் ஏறத்தாழ ஒரே பக்கத்தில், அல்லது அதற்கு நேரெதிரே அடிவானத்துக்குக் கீழே நின்றது. பகலிலும் மேக மூட்டத்திலும் கண்ணால் பார்க்க முடியாத ஒன்று இது. நிலவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்குப் போய்வந்த பிள்ளைகளுக்குப் பௌர்ணமி தெரியும். வீட்டு நாள்காட்டியில் அமாவாசையும் தெரியும். அந்த நாள்களை விரிதாளில் வண்ணமிட்டோம். அவற்றை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளிலும் நீர் மிக உயர ஏறி, மிகத் தாழ வற்றியிருந்தது. நிலவும் சூரியனும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்று இழுப்பதை விளக்க 'ஃபெட்' பாவனையாக்கங்கள் உதவின. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. ஈர்ப்பு விசையைக் கூட்டிக் குறைத்துக் கோள்களை ஓடவிட்டுப் பார்க்கலாம். அதன் சில பாவனையாக்கங்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன.

பேரவை இதழில் இதை எழுதக் காரணம் மொழி. பிள்ளைகள் இணையத்தில் தேடும்போது 'பாசாங் சூருட்' என்றே தட்டச்சு செய்தார்கள். அது இயல்பு, மலாயில் தகவல் உடனே கிடைக்கிறது. தமிழில் என்னவென்று தேடத் தெரியவில்லை. பேச்சில் "தண்ணி ஏறுது, எறங்குது" என்றார்கள். தமிழக நூல்களில் 'ஓதம்', இலங்கை வழக்கில் 'வற்றுப்பெருக்கு' என இரு சொற்கள் கிடைத்தன. வாக்கெடுப்பில் வற்றும் பெருக்கும் வென்றன. கேட்டவுடன் பொருள் விளங்குகிறதாம்.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது தமிழ்ப்பள்ளிகளிலும் அந்தப் பாடங்கள் தமிழை விட்டுப் போயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. கலைச்சொல் உண்டா, பாடநூல் உண்டா என்றே நாம் வாதிடுகிறோம். அவை வேண்டியவைதாம். ஆனால் தமிழில் அறிவினாவுக்கு விடை எழுதப் பழகிய பிள்ளை, தன் சொந்த ஐயத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் தட்டச்சு செய்கிறது என்றால், அறிவியல் அதற்குத் தமிழில் நடக்கவில்லை. மனனம் மட்டுமே தமிழில் நடக்கிறது. அதனால்தான் எங்கள் பலகையில் எந்த மொழிப் பக்கத்தைப் படித்தாலும் கேள்வியும் "எப்படித் தெரியும்" என்ற விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும் என்று வைத்துள்ளேன். எழுத்துப் பிழையைப் பலகையில் திருத்துவதில்லை. மொழிப் பாட வேளையில் பார்த்துக்கொள்கிறேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களும் உள்ளனர். அந்த மாணவனின் கேள்வியைத் தமிழிலேயே கேட்டால் நொடியில் விடை வரும். உண்மைதான். நாங்களும் கேட்டோம், ஆனால் இரண்டு வார அட்டவணை கைக்கு வந்தபிறகு. பெருக்கு நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று விடை வந்ததும், "எங்க கணக்குல முப்பத்தஞ்சும் இருக்கே, அறுபத்தஞ்சும் இருக்கே?" என்று ஒருவன் எதிர்க்கேள்வி போட்டான். முதல் நாளே கேட்டிருந்தால் அந்த எதிர்க்கேள்வி பிறந்திருக்காது. கருவி எது என்பதைவிட, அது எந்த நாளில் வகுப்புக்குள் வருகிறது என்பதில் நான் இப்போது அதிகக் கவனம் செலுத்துகிறேன்.

முயல விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஒரு பருவத்துக்கு ஒரே கேள்வி போதும். கருவிகள் இரண்டுக்கு மேல் வேண்டாம்; ஒன்று கேள்விக்கு, மற்றொன்று பதிவுக்கு. பலகையைப் பொதுவில் திறந்துவிடாமல் வகுப்புக்கு மட்டும் பகிருங்கள். பிள்ளைகளின் முழுப்பெயரும் படமும் அதில் வேண்டாம். கடலில்லாத ஊரில் செம்பனைக் குலை பழுக்கும் நாள், பள்ளி வாசலில் மழை அளவு, கொடிக்கம்பத்தின் நிழல் என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டம் பின்தங்குமே என்ற அச்சம் வரும். எங்களுக்கு மொத்தம் ஆறு பாட வேளைகள் ஆயின. நிலவின் கலைகளைப் பற்றிய பாடத்துக்குத் தனியே நேரம் தேவைப்படவில்லை.

அந்த ஒன்பது பேரும் இப்போது ஆறாம் ஆண்டில். விரிதாளை அடுத்த ஐந்தாம் ஆண்டுக்கு ஒப்படைத்துவிட்டார்கள். அதன் கடைசி வரிசையின் கீழே ஒரு கேள்வியையும் எழுதிவைத்துள்ளனர்: "ஒரே நாளில் இரண்டு பெருக்கு வருகிறது. இரண்டும் ஏன் ஒரே உயரம் இல்லை?" நிலவு எப்போதும் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்பதில்லை என்பதில் இதற்கு விடை தொடங்குகிறது. புதிய வகுப்பில் இன்னும் யாரும் அங்கே வந்து சேரவில்லை. நிலவு எந்த நாளில் வடக்கே, எந்த நாளில் தெற்கே என்று ஸ்டெல்லேரியத்தில் ஒருத்தி குறிக்கத் தொடங்கியிருக்கிறாள்.